இரவுப் புகார்

ரெலாவ் மலைச்சரிவில் எங்கள் வேலைக்கு
மாலை ஆறு மணிக்கே வாய்ப்பூட்டு.
அனுமதிக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.
புகார் எழுதியவர் மேடம் ஊய்,
எதிர் அடுக்ககம், பதினோராம் மாடி:
"விடிகாலை இரண்டு மணிக்குச்
சுத்தியல் அடிக்கிறார்கள்.
டொக். டொக். டொக்.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
என் கணவர் இதய நோயாளி."

சுற்றுச்சூழல் அதிகாரி என்று
என் தலைக்கவசத்தில் பச்சை ஸ்டிக்கர் உண்டு.
ஆகவே நான்தான் போகவேண்டும்,
ஒரு டார்ச்சோடும் ஒலிமானியோடும்.
பேக்ஹோவின் எஞ்சினில் கைவைத்துப் பார்த்தேன்,
ஜில்லென்றிருந்தது.
கொங்சியில் எல்லோரும் தூக்கம்;
ஷஃபிகுல் மட்டும் போர்வைக்குள்
போனில் மனைவியோடு கிசுகிசுத்தான்.
டொக்.
ஒலிமானியில் எண் துள்ளியது.
டொக்.
மண்மேட்டில் இரண்டு செம்புக்காசுகள்
என் வெளிச்சத்தை வாங்கி
எனக்கே திருப்பித் தந்தன.
பிறகு காசுகள் பறந்துபோயின.

காலையில் வீரசிங்கம் பேக்ஹோவை நிறுத்திவிட்டு
இறங்கி வந்தார்.
"வாளியை இறக்கப்போனேன், மேடம்.
சருகு கண்ணைத் திறந்து பார்க்குது."
தூண் நாற்பத்தேழுக்கு அளந்து நட்ட முளை,
அதில் சிவப்பு ரிப்பன்,
ரிப்பனின் நிழல் விழும் இடத்தில் அது.
எழுந்து நொண்டிப் பாசாங்கு செய்தபோது
அடியில் இரண்டு முட்டைகள்,
கூடு என்று ஒரு குச்சிகூட இல்லை.
"துக்காங்னு சொல்வாங்க மலாய்க்காரங்க.
தச்சன். ராத்திரி முழுக்க ஓட்டி,
சம்பளம் கிடையாது. தமிழில் பக்கி."

என் படிவத்தில் கட்டங்கள் உண்டு,
தூசிக்கு, வண்டலுக்கு, எண்ணெய்க் கசிவுக்கு,
கொசுப் புழுவுக்கும்கூட.
முட்டைக்கு இல்லை.

"எத்தனை நாள்?" என்றார் தவுக்கே கூ.
பதினெட்டு என்றேன்.
அவர் போனில் பெருக்கிப் பார்த்தார்,
பைலிங் இயந்திர வாடகையை.
"எடுத்து அந்தப் பக்கம் வையேன்."
வைத்தால் தாய் திரும்பாது என்றேன்.
முன்பணம் கேட்டவளைப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சரி, மற்ற தூண்களை முதலில் போடு.
காகிதத்தில் மட்டும் பறவை என்று எழுதாதே,
பேங்க் சிரிக்கும்."
எழுதினேன்:
தூண் 47 தாமதம். காரணம்,
நிலம் இன்னும் தயாராகவில்லை.
இவ்வளவு உண்மையான பொய்யை
நான் எழுதியதே இல்லை.

எட்டுக் கூம்புகள், ஆரஞ்சு வலை,
லோரிக்கு வேறு பாதை.
பன்னிரண்டாம் தூண் இறங்கியபோது
என் தேநீரில் வளையங்கள் எழும்பின;
அது இமையைக்கூட அசைக்கவில்லை.
ஒன்பதாம் நாள் மழை.
மணல்மூட்டை அடுக்கினோம், இருட்டில், ஆறுபேர்.
போதவில்லை.
விடிந்ததும் ஒரு முட்டைதான் இருந்தது;
மற்றதை ஷஃபிகுல் வடிகாலில் கண்டெடுத்து
என்ன செய்வதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தான்.

பதினேழாம் நாள்
சருகுக்கடியில் இன்னொரு சின்னச் சருகு.
அதற்குப்பின் தினமும் நாலைந்து அடி நகர்ந்தது,
வேலியையோ என் அளவுநாடாவையோ மதிக்காமல்.
ஒரு காலை வலைக்குள் எதுவும் இல்லை.
வெறும் மண்ணுக்கு
இன்னும் இரண்டு நாள் காவல் வைத்தேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அங்கே தூண் நாற்பத்தேழு.
அதன்மேல் கார் நிறுத்துமிடம் வரும்.
மேடம் ஊய்க்குப் பதில் அனுப்பியாயிற்று:
சத்தம் எங்கள் இயந்திரத்தினுடையது அல்ல.
அதை நிறுத்தும் அதிகாரம் எங்களுக்கில்லை.
சத்தம் தானாக நின்றபோது
அவர் நன்றி எதுவும் எழுதவில்லை.

நேற்று சுங்கை ஆரா சைட்டிலிருந்து
குணவதி போன் செய்தாள்.
இரவில் யாரோ சுத்தியல் அடிக்கிறார்களாம்,
புகார் வந்திருக்கிறதாம்.
எத்தனை வரை எண்ணினார்கள் என்று கேட்டேன்.